கேடயம் யாருக்கு? வினாடி வினாப் போட்டிகளில் வெற்றியாளரும் ஏற்பாட்டாளரும்

(உயர்தரம், கலைப் பிரிவு)

எங்கள் கல்லூரி அலுவலகத்தின் கண்ணாடி அலுமாரியில், மேல் தட்டில் மூன்றாவதாக ஒரு கேடயம் இருக்கிறது. சென்ற வருடம் பாடசாலைகளுக்கிடையில் நடந்த பொது அறிவு வினாடி வினாப் போட்டியில் நாங்கள் வென்றது. அணித் தலைவி நான். அந்த அலுமாரியைக் கடந்து போகும்போதெல்லாம் எனக்குக் கைதட்டல் ஞாபகம் வருவதில்லை. பதினேழாவது கேள்விதான் ஞாபகம் வருகிறது.

"சூரியக் குடும்பத்தில் ஆகக் கூடுதலான சந்திரன்களைக் கொண்ட கோள் எது?"

கேள்வி எதிரணிக்குரியது. அவர்கள் யோசிக்கவே இல்லை. "சனி" என்றார்கள். நடுவர் கையிலிருந்த தாளைப் பார்த்துவிட்டு, "பிழை. அடுத்த அணிக்குப் போகிறது" என்றார்.

நேரடிக் கேள்விக்குப் பத்துப் புள்ளிகள், கைமாறி வந்த கேள்விக்கு ஐந்து. என் அணியினர் இருவரும் என் முகத்தைப் பார்த்தார்கள். சரியான விடை சனிதான் என்று எனக்குத் தெரியும். ஆனால் சனி பிழையென்றால், அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கும் என்பதும் எனக்குத் தெரிந்துவிட்டது. "வியாழன்" என்றேன். "சரி" என்றார் நடுவர்.

முடிவில் நாங்கள் 95, அவர்கள் 90. அவர்களுடைய ஆசிரியை எழுந்து முறைப்பாடு செய்தார். "நடுவர் தீர்ப்பே இறுதியானது என்று சுற்றறிக்கையிலேயே போட்டிருக்கிறோம்" என்று ஏற்பாட்டாளர்கள் சொன்னார்கள். பிரதம அதிதிக்கு நேரமாகிவிட்டது. நாங்கள் கேடயத்தோடு படம் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.

இரவுச் சாப்பாட்டின்போது நடந்ததைச் சொன்னேன். வாப்பாவுக்குச் சந்தோஷம். நானா மட்டும் கையைக் கழுவிவிட்டு வந்து கேட்டார்: "சனி எண்டு ஒனக்குத் தெரியும்தானே?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல்தான் நான் வாசிக்கத் தொடங்கினேன். உலகத்தில் இப்படி வேறு எங்கே நடந்திருக்கிறது? வென்றவர்களும் நடத்தியவர்களும் எப்படிப் பிணங்கினார்கள்? என்ன முடிவு வந்தது? அப்படித் தேடிக் கண்டவற்றை, வினாடி வினா அணியில் சேர விரும்பும் தங்கைமாருக்கும், அவர்களை அனுப்பிவைக்கும் பெற்றோருக்கும் பயன்படும் என்ற எண்ணத்தில் இங்கே தொகுத்துத் தருகிறேன்.

1. போட்டி பிறந்த கதை

கல்லூரி மாணவரை அணிகளாக எதிரெதிரே அமர்த்திக் கேள்வி கேட்கும் முறை, ஐக்கிய அமெரிக்காவில் 1953இல் வானொலியில் தொடங்கிய 'கொலேஜ் போல்' என்ற நிகழ்ச்சியால் புகழ்பெற்றது. 1959இலிருந்து 1970 வரை அது தொலைக்காட்சியில் வந்தது. அதைப் பின்பற்றி 1962இல் பிரித்தானியாவில் 'யுனிவர்சிட்டி சலஞ்ச்' ஆரம்பமானது. அது இன்றும் நடக்கிறது.

பிரித்தானிய நிகழ்ச்சியின் முறை இதுதான். ஓர் அணியில் நால்வர். முதற் கேள்விக்குப் பொத்தானை அழுத்தித் தனியாகப் பதில் சொல்ல வேண்டும். சரியென்றால் பத்துப் புள்ளிகள். கேள்வி முடியுமுன் குறுக்கிட்டுப் பிழையாகச் சொன்னால் ஐந்து புள்ளிகள் குறையும். சரியாகச் சொன்ன அணிக்கு ஐந்து புள்ளிகள் வீதம் மூன்று மேலதிகக் கேள்விகள் கிடைக்கும். அவற்றுக்கு நால்வரும் கலந்து பேசலாம்.

இந்தக் கடைசி விடயத்தை மனதில் வைத்திருங்கள். நால்வர் கூடிப் பேசிச் சொன்ன விடையில் யாருடைய பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. அடுத்து வரும் பிணக்கைத் தீர்ப்பதற்குக் கடினமாக்கியதும் அதுவே.

2. பட்டம் ஒரு வாரம் மட்டுமே நிலைத்த அணி

2009ஆம் ஆண்டு பெப்ரவரி 23ஆம் திகதி ஒளிபரப்பான யுனிவர்சிட்டி சலஞ்ச் இறுதிச்சுற்றில், ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தின் கோர்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரி, மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தை 275க்கு 190 என்ற புள்ளிக் கணக்கில் வென்றது. அணித் தலைவி கெய்ல் டிரிம்பிள். அந்தத் தொடரில் தன் அணி பெற்ற புள்ளிகளில் பெரும்பகுதியை அவரே பெற்றுக் கொடுத்தார். பிரித்தானியப் பத்திரிகைகள் எல்லாம் அவரைப் பற்றியே எழுதின.

சில நாட்களில் வேறொரு செய்தி வந்தது. அந்த அணியில் இருந்த ஒருவர், இறுதிச் சுற்றுகள் பதிவு செய்யப்பட்டபோது மாணவராகவே இருக்கவில்லை. தொடரின் ஆரம்பச் சுற்றுகள் பதிவானபோது அவர் அங்கே படித்துக்கொண்டிருந்தார். மேற்படிப்பைத் தொடரலாம் என்று எண்ணியிருந்தார். அதற்கான நிதி கிடைக்காததால் படிப்பை விட்டு ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். ஆனால் தொடரின் பதிவு முடியும்வரை எல்லா உறுப்பினரும் மாணவராக இருக்க வேண்டும் என்பது விதி. மார்ச் 2ஆம் திகதி கோர்ப்பஸ் கிறிஸ்டி அணி தகுதி நீக்கப்பட்டது. பட்டம் மான்செஸ்டருக்குப் போனது.

இதில் பொய்க் கையெழுத்து இல்லை, ஆள் மாறாட்டமும் இல்லை. பல மாதங்களாக நீளும் ஒரு தொடரின் நடுவில் ஓர் இளைஞரின் வாழ்க்கை மாறியது, அவ்வளவுதான். ஆயினும் விதி மீறப்பட்டது உண்மை.

எங்கள் வகுப்பில் இதை விவாதித்தோம். பாதிப்பேர், "ஒருவர் செய்த தவறுக்கு மற்ற மூவர் என்ன செய்வார்கள்?" என்றார்கள். "அவருடைய புள்ளிகளை மட்டும் கழித்திருக்கலாமே" என்றாள் ஒருத்தி. அங்கேதான் மேலதிகக் கேள்வி குறுக்கே நிற்கிறது. கூடிப் பேசிச் சொன்ன விடையிலிருந்து ஒருவரை மட்டும் எப்படிக் கழிப்பது? பட்டத்தை அப்படியே விடுவது அல்லது முழுவதும் எடுப்பது என்ற இரண்டு வழிகள்தான் ஏற்பாட்டாளர்களுக்கு இருந்தன.

ஆனால் ஏற்பாட்டாளர் பக்கமும் குறை இல்லாமல் இல்லை. ஒவ்வொரு சுற்றுப் பதிவுக்கு முன்பும், "நீங்கள் நால்வரும் இன்னும் மாணவர்தானா?" என்று கேட்டு ஒரு கையெழுத்து வாங்கியிருந்தால் இந்தப் பிணக்கு பிறந்தே இருக்காது. பழைய தொடர்களிலும் இதுபோன்ற நிலைமைகள் இருந்தன என்று பிறகு பத்திரிகைகள் எழுதின. விதி என்பது எழுதி வைப்பதற்கு மட்டுமல்ல, ஒவ்வொரு படியிலும் சரிபார்ப்பதற்கும் உரியது.

3. நாற்பது எழுத்துகள்

இரண்டாவது நிகழ்வு அமெரிக்காவில் நடந்தது. அதை விளங்கிக்கொள்ள, அங்கே கேள்வி எழுதும் முறையை முதலில் அறிய வேண்டும். ஒரு கேள்வி நான்கைந்து வாக்கியம் நீளும். கடினமான குறிப்பு முதலில் வரும், எளிதானது கடைசியில் வரும். கேள்வி வாசிக்கப்படும்போதே யாரும் பொத்தானை அழுத்தலாம். முந்தி அழுத்துபவரே ஆழமாகப் படித்தவர் என்பது கணக்கு.

நானே ஓர் உதாரணம் எழுதிப் பார்த்தேன்:

"மாலைதீவில் காழியாகக் கடமையாற்றிய இவர், 1344இல் இலங்கைக்கு வந்து பாவா ஆதம் மலையில் ஏறினார். 1304இல் தாஞ்சியர் நகரில் பிறந்தவர். ஏறக்குறைய முப்பது வருடங்கள் நாடு நாடாகச் சுற்றினார். 'ரிஹ்லா' என்ற பயண நூலால் அறியப்படும் இந்த மொரோக்கோப் பயணி யார்?"

விடை இப்னு பதூதா. கடைசி வரியில் எங்கள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளும் சொல்லிவிடுவார்கள். முதல் வரியிலேயே சொல்பவர்தான் இந்த முறையில் கெட்டிக்காரர். அப்படியானால் கேள்வியின் தொடக்கம் மட்டும் ஒருவருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தால்? முழுக் கேள்வியும் தெரிய வேண்டியதில்லை. ஆறேழு சொற்களே போதும்.

2013ஆம் ஆண்டு மார்ச் மாதம், என்.ஏ.கியூ.ரி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் அமெரிக்க வினாடி வினா நிறுவனம், ஹார்வர்ட் பல்கலைக்கழகம் 2009இலிருந்து 2011 வரை வென்றிருந்த நான்கு தேசியப் பட்டங்களை மீளப் பெற்றது. காரணம் இதுதான். ஹார்வர்ட் அணி வீரர் ஒருவர் அதே நிறுவனத்துக்குக் கேள்வி எழுதிக் கொடுப்பவராகவும் இருந்தார். அதனால் நிறுவனத்தின் கணினி அமைப்புக்குள் போக அவருக்கு அனுமதி இருந்தது. வரவிருக்கும் போட்டிக் கேள்விகளின் முதல் நாற்பது எழுத்துகள் தெரியும் பக்கங்களை அவர் திறந்திருக்கிறார் என்பது கணினிப் பதிவேட்டில் தெரிந்தது.

அவர் அதைப் பயன்படுத்தினார் என்பதற்கு நேரடிச் சான்றோ புள்ளிவிபரச் சான்றோ இல்லை என்று நிறுவனமே சொன்னது. கேள்விகளின் பாதுகாப்பை மீறியதற்காக அவர் வருத்தம் தெரிவித்தார். சான்று இல்லை என்று நிறுவனம் ஏற்றுக்கொண்டதையும் எடுத்துக்காட்டினார். ஆனாலும் பட்டங்கள் போயின.

இதை முதலில் வாசித்தபோது எனக்கு அநியாயமாகப் பட்டது. சான்று இல்லாமல் தண்டனையா? பிறகு எதிரணியின் கதிரையில் என்னை இருத்திப் பார்த்தேன். நான் வருடம் முழுவதும் படித்துவிட்டுப் போகிறேன். எனக்கு எதிரில் இருப்பவர் கேள்வியின் தொடக்கத்தைப் பார்த்திருக்கக்கூடும். அவர் முந்தி அழுத்தும்போது, அது படிப்பால் வந்ததா பார்த்ததால் வந்ததா என்று எனக்கும் தெரியாது, நடுவருக்கும் தெரியாது. யாராலும் நம்ப முடியாத வெற்றியைப் பட்டமாக எப்படிக் கொடுப்பது? பரீட்சைக்கு முன் வினாத்தாள் கட்டு பிரிக்கப்பட்டிருந்தால், "நான் வாசிக்கவில்லை" என்று ஒருவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் அந்தப் பரீட்சையை யாரும் ஏற்கமாட்டார்கள்.

இங்கும் ஏற்பாட்டாளருக்குப் பங்குண்டு. போட்டியில் விளையாடுபவரின் கண்ணுக்குக் கேள்வி தெரியும்படி கணினி அமைப்பு திறந்து கிடந்தது. கேள்வி எழுதத் தகுதியுள்ளவர்கள் பெரும்பாலும் விளையாடுபவர்களாகவே இருக்கும் சிறிய உலகம் அது. நம் ஊரிலும் அப்படித்தான். கேள்வித்தாள் தயாரிக்கும் ஆசிரியரிடமே போட்டியில் கலந்துகொள்ளும் பிள்ளை பிரத்தியேக வகுப்புக்குப் போகலாம். யார் மீதும் குற்றமில்லை. ஆனால் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

4. விதியே பிழையென்றால்

மேலே சொன்ன இரண்டிலும் விதியை மீறியவர்கள் போட்டியாளர்கள். விதியே நியாயமில்லை என்று போட்டியாளர் எதிர்த்த நிகழ்வும் உண்டு. யுனிவர்சிட்டி சலஞ்சில் ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களின் ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனி அணியாக வரலாம். மற்றப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை எவ்வளவு பெரியவையாக இருந்தாலும் ஓர் அணிதான். 1975இல் மான்செஸ்டர் அணி இதை எதிர்த்தது. என்ன கேள்வி கேட்டாலும் "மார்க்ஸ்", "லெனின்", "ட்ரொட்ஸ்கி", "சேகுவேரா" என்றே பதில் சொன்னார்கள்.

வாசிக்கும்போது சிரிப்பு வந்தது. ஆனால் பலன் என்ன? அந்த விதி மாறவில்லை. 2009இல் மான்செஸ்டரோடு மோதியதும் ஓர் ஒக்ஸ்போர்ட் கல்லூரிதானே.

அமெரிக்க மாணவர்கள் வேறு வழியில் போனார்கள். பழைய போட்டியின் கேள்வித் தரம் போதாது என்று எண்ணியவர்கள், தாங்களே போட்டி அமைப்புகளைத் தொடங்கினார்கள். ஏ.சி.எஃப். என்ற அமைப்பு 1991இலும், நான் மேலே சொன்ன என்.ஏ.கியூ.ரி. 1996இலும் தோன்றின. குறை சொன்னவர்கள் ஏற்பாட்டாளராகி, பிறகு தாங்களும் குறை கேட்க நேர்ந்தது. நடத்துவது எவ்வளவு கடினம் என்பதற்கு இதைவிடப் பாடம் வேண்டியதில்லை.

5. நமக்குரிய பாடங்கள்

ஏற்பாட்டாளர் செய்ய வேண்டியவை:

ஒன்று, ஒவ்வொரு விடைக்கும் எங்கிருந்து, எப்போது எடுக்கப்பட்டது என்ற குறிப்பு இருக்க வேண்டும். என் பதினேழாவது கேள்வியையே பாருங்கள். 2019இல் சனி 82 சந்திரன்களுடன் வியாழனை முந்தியது. 2023 பெப்ரவரியில் வியாழன் 92 என்ற கணக்குடன் முன்னே வந்தது. அதே வருடம் மே மாதம் சனி 145ஐத் தொட்டது. 2025 மார்ச்சில் சனியின் கணக்கு 274 ஆனது. பழைய பொது அறிவுப் புத்தகம் ஒன்றைப் பார்த்து விடை எழுதியவர் பொய் எழுதவில்லை. அவர் எழுதிய விடை பழசாகிவிட்டது.

இரண்டு, முறைப்பாட்டுக்கென்று ஒரு நேரம் ஒதுக்க வேண்டும். முடிவை அறிவிப்பதற்கு முன் பத்து நிமிடம் போதும். நடுவர் தீர்ப்பு இறுதியாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் அது சரிபார்த்த பிறகு சொல்லப்படும் தீர்ப்பாக இருக்க வேண்டும்.

மூன்று, கேள்வி தயாரித்தவருக்கும் போட்டியாளருக்கும் உள்ள தொடர்பை முன்கூட்டியே வெளிப்படுத்த வேண்டும்.

போட்டியாளர் செய்ய வேண்டியவை: விதிகளைப் போட்டிக்கு முன்பே வாசிக்க வேண்டும். அணியில் எவருக்காவது தகைமை மாறினால் உடனே அறிவிக்க வேண்டும். முறைப்பாட்டைத் தலைவி மட்டும், நின்ற இடத்திலிருந்து, காரணத்தோடு சொல்ல வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். கைபேசியைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நடுவரின் மேசைக்கு வராதீர்கள். நீங்கள் சொல்வது சரியாகவே இருக்கலாம். ஆனால் அதன் பிறகு எங்கள் வெற்றியும் எங்களுடையதாக இருக்காது, தோல்வியும் எங்களுடையதாக இருக்காது.

6. மீண்டும் பதினேழாவது கேள்வி

ஒக்ஸ்போர்ட் அணி விதியை மீறியது, ஆனால் ஏமாற்றும் எண்ணத்துக்கு அடையாளம் இல்லை. ஹார்வர்ட் வீரர் பாதுகாப்பை மீறினார், பயன்பெற்றார் என்பதற்குச் சான்று இல்லை. இருவரும் பட்டம் இழந்தார்கள். நான் எந்த விதியையும் மீறவில்லை. தெரிந்தே பிழையான விடையைச் சொல்லிப் பயன் பெற்றேன். கேடயம் எங்களிடம் இருக்கிறது.

கணக்கு எளிது. சனியை ஏற்றிருந்தால் அவர்களுக்குப் பத்துச் சேர்ந்து 100, எங்களுக்கு ஐந்து குறைந்து 90. விதியைக் காப்பது ஏற்பாட்டாளரின் வேலை. விதி எட்டாத இடத்தைக் காப்பது வென்றவரிடம் விடப்பட்ட அமானிதம். "எனக்குத் தெரிந்தவரை சனிதான் சரி" என்று அந்த நேரத்திலேயே சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம்தான். எனக்கு அந்த ஐந்து புள்ளிகள் பெரிதாகத் தெரிந்தன.

இரண்டு வாரம் கழித்துப் பொறுப்பாசிரியையிடம் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "எழுதித் தாங்க மகள், நான் அதிபரிடம் கொண்டு போறன்" என்றார். கடிதம் ஏற்பாட்டாளருக்குப் போனது. சான்றிதழ்கள் வழங்கப்பட்டுவிட்டதால் முடிவை மாற்ற முடியாது என்று பதில் வந்தது. இந்த வருடச் சுற்றறிக்கையிலும் 'நடுவர் தீர்ப்பே இறுதியானது' என்ற வரி இருந்தது. இம்முறை அதன் கீழே கோடிட்டிருந்தார்கள்.

கடிதத்தின் பிரதியை மற்றப் பாடசாலைக்கும் அனுப்பியிருந்தோம். ஒரு நாள் பாடசாலை விட்ட பிறகு டீச்சரின் கைபேசிக்கு அவர்களுடைய ஆசிரியை அழைத்தார். தங்கள் அணித் தலைவி பேச விரும்புவதாகச் சொன்னாராம். டீச்சர் கைபேசியை என்னிடம் தந்தார்.

ஸலாம் சொல்லிக்கொண்டோம். பிறகு அவள் கேட்டாள்: "நீங்க தெரிஞ்சுதானா வியாழன் எண்டு சொன்னீங்க?"

கடிதத்தில் நான் எழுதியிருந்தது 'சரியான விடை சனி' என்பது மட்டும்தான். அவள் கேட்டது கடிதத்தில் இல்லாத பகுதியை.

"ஓம்" என்றேன்.

கொஞ்ச நேரம் அவள் பேசவில்லை. பிறகு, "சரி. சொன்னதுக்கு நன்றி. இந்த வருசமும் வருவீங்கதானே?" என்றாள்.

இந்த வருடமும் போகிறோம். கேடயம் இன்னும் அலுமாரியில்தான் இருக்கிறது. அணியில் புதிதாகச் சேர்ந்த தங்கைமார் அதைப் பார்த்து, எப்படி வென்றீர்கள் என்று என்னிடம் கேட்பார்கள். நான் பதினேழாவது கேள்வியிலிருந்து சொல்லத் தொடங்குவேன்.